வெள்ளியா, சனியா

இல்ஃபோர்டில் எங்கள் டாக்டரின் கிளினிக்கில், இங்கே அதைச் சர்ஜரி என்பார்கள், இப்போது சுவரில் ஒரு திரை மாட்டியிருக்கிறார்கள். முறை வந்ததும் மணி போல ஒரு சத்தம் கேட்கும். திரையில் பெயர் தெரியும். பெயருக்குரியவர் எழுந்து போவார். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவரின் நினைவு வருகிறது.

அவர் அங்கே வரவேற்பு மேசையில் இருந்தவர். ஜமெய்க்காவில் பிறந்து, சிறுமியாகத் தாயோடு லண்டனுக்கு வந்தவர். உயரமும் அகலமுமான பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பெயர் வாசிக்க மட்டும் அதை எடுத்து மாட்டுவார். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். இருந்துகொண்டு அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டு நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அவர் பேசியது ஜமெய்க்கா வாடை வீசும் லண்டன் ஆங்கிலம். அதை அப்படியே எழுதிக் காட்ட எனக்கு வராது. அதனால் எங்கள் வீட்டில் நாங்கள் கதைக்கும் தமிழிலேயே எழுதுகிறேன். அவர் கோபிக்கமாட்டார். அவரின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அது அவரே போட்ட நிபந்தனை. "என்ர பேர் வாசிக்கிறதுக்கில்லை, கேக்கிறதுக்கு. தெரிய வேணுமெண்டால் ஆக்களை என்னட்டை வந்து கேக்கச் சொல்லுங்கோ. சொல்லிக் குடுக்க எனக்கு விருப்பம்" என்றார்.

என் பெயர் சிவலோகநாதன். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். லண்டனுக்கு வந்து கவுன்சில் ஒன்றின் கணக்குப் பகுதியில் சேர்ந்த முதல் நாள், மேலதிகாரி என் பெயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேதன் என்று வைத்துக்கொள்வோமா?" என்று கேட்டார். நான் சிரித்துத் தலையாட்டினேன். ஓய்வு பெறும்வரை அங்கே நான் நேதன்தான். அதை ஒரு குறையாக நான் நினைத்ததேயில்லை. இந்த நாட்டில் வெள்ளைக்காரர், கறுப்பர் எவரும் சொல்லாத என் பெயரின் முன்பாதியை முதலில் உரத்துச் சொன்னவர் இவர்தான். அதற்கு முதல் என்னை மேசைக்குக் கூப்பிட்டு, மூன்று தரம் சொல்லவைத்துக் கேட்டார்.

"நேதன் எண்டே சொல்லுங்கோ, சுகம்" என்றேன்.

"ஆருக்குச் சுகம்?" என்று கேட்டார்.



எங்கள் ஆட்களின் பெயர்கள் அவரைக் கொஞ்ச நாள் படாத பாடு படுத்தின. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிடுவதால், சர்ஜரியில் எப்போதும் செத்துப்போன தகப்பன்மார்களின் பெயர்கள்தான் ஒலிக்கும். ஒருநாள் அவர் எழுந்து நின்று, "மிஸ்டர் கந்தையா" என்று வடிவாகக் கூப்பிட்டார். மூலையில் இருந்த கிழவர் அசையவில்லை. இரண்டாவது தரமும் கூப்பிட்டார். அப்போது கிழவர் என் பக்கம் திரும்பி, "என்ர ஐயாவை ஏன் இவ கூப்பிடுறா? அவர் செத்து நாப்பது வருசம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். காத்திருந்த சனம் எல்லாம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து, கிழவருக்கு முன்னால் குனிந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அப்ப நீங்கள் ஆர்?" என்று கேட்டார். கிழவர் தன் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு எந்தத் தமிழர் புதிதாக வந்தாலும், "இதிலை எது நீங்கள்? எது உங்கட அப்பா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விடுவார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர் வேலைக்காரப் பையன் ஒருவர், கார்த்திகேயன், "கார்த்தின்னே கூப்பிடுங்க மேடம், ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான்" என்றார்.

"எல்லாரும் சோம்பேறியள். எனக்கு இண்டைக்குச் சோம்பலா இல்லை" என்று சொல்லி, முழுப்பெயரையும் சொல்லி அவரை உள்ளே அனுப்பினார்.

ஆனால் தன் குடும்பப் பெயரை அவர் அப்போது யாருக்கும் சொல்வதில்லை. சட்டையில் குத்தியிருந்த பெயர்த் தகட்டில், குடும்பப் பெயர் இருந்த இடத்துக்கு மேலே காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருப்பார். அழுக்கானால் நர்ஸின் அறைக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுத்து ஒட்டிக்கொள்வார். என்ன இது என்று கேட்டேன்.

"எங்கட ஆக்களை அடிமையா வைச்சுக் கரும்பு வெட்டுவிச்ச முதலாளியின்ர பேர் கீழை கிடக்கு. உங்கட ஊரிலை மாட்டுக்குக் குறி சுடுறேல்லையோ? அந்த மாதிரி. காயமெண்டால் பிளாஸ்டர் போடத்தானே வேணும்."

அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அழுதுகொண்டு எதையும் சொல்லும் ஆள் அல்ல அவர்.

அந்தச் சர்ஜரியின் நர்ஸ் கானா நாட்டுக்காரி. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது தன் தம்பியின் பெயரை அவள் சொல்லியிருக்கிறாள். குவாசி. ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு அவர்கள் இடும் பெயராம். அவர்களுக்குள் ஒவ்வொரு கிழமைக்கும் ஆணுக்கொரு பெயர், பெண்ணுக்கொரு பெயர் உண்டு. பிள்ளை பிறந்த கணமே அந்தப் பெயர் அதனுடையதாகிவிடும். அதைக் கேட்டதும் இவருக்குக் கோப்பை கையில் நின்றுவிட்டது. ஜமெய்க்காவில் சிறுவயதில் யாராவது மடைத்தனமாக ஏதாவது செய்தால், "குவாஷி" என்றுதான் தாய் ஏசுவாராம்.

"மாஸ்டர், அந்தப் பேர் கப்பலிலை எங்களோட வந்திருக்கு" என்று எனக்குச் சொன்னார். எங்கள் ஆட்கள் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பழகி, சும்மா கதைக்கும்போது அவரும் அப்படிச் சொல்வார். "தோட்டத்துக்காரர் அதை ஒரு ஏச்சாக்கிப் போட்டாங்கள். நாங்களும் சேர்ந்து ஏசியிருக்கிறம். என்ர அம்மா, பாவம், ஒரு மனிசன்ர பேரைச் சொல்லி என்னை ஏசியிருக்கிறா."

அன்றிலிருந்து அவருக்குத் தன் கிழமைப் பெயர் வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. தன் ஆட்கள் ஆப்பிரிக்காவின் எந்த ஊரிலிருந்து போனார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பிறந்த கிழமையை மட்டும் யாராலும் பறித்திருக்க முடியாது என்று அவர் நம்பினார்.

எனக்கு அந்தக் காலத்தில் இங்குள்ள எங்கள் ஆட்களுக்குள் ஒரு மதிப்பு இருந்தது. பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் பார்த்து, பெயருக்கு முதலெழுத்துச் சொல்வது நான்தான். சர்ஜரியிலேயே ஆட்கள் வந்து என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். அன்றும் ஒரு இளம் தம்பதி, கூடவே இரண்டு பக்கத்துப் பெற்றோரும். தகப்பன் பக்கம் பாட்டனாரின் பெயர் வேண்டும் என்றது. தாய் பக்கம் முருகன் பெயர் வேண்டும் என்றது. என்னை நடுவில் வைத்துக்கொண்டு நல்ல வாக்குவாதம். அவர்கள் போன பிறகு அவர் என்னை மேசைக்குக் கூப்பிட்டார்.

"என்ன சண்டை?"

"பிள்ளைக்குப் பேர் வைக்கிறதிலை. எங்கட வீடுகளிலை இது வழமை. சில இடத்திலை அஞ்சாறு மாசம் கதை பேச்சும் இருக்காது."

அவர் அந்தப் பிள்ளை படுத்திருந்த தள்ளுவண்டி போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்து வைச்ச பிள்ளை" என்றார். "என்ர பேருக்குச் சண்டை பிடிக்க எனக்கு ஒருத்தரும் இல்லை."

பிறகு தன் பிறந்த தேதி, மாதம், வருடம் சொன்னார். தாய் கிழமை சொல்லவில்லையாம். கம்ப்யூட்டரில் பார்க்கலாமே என்று நர்ஸ் சொன்னாளாம். இவர் மறுத்துவிட்டார். "மெஷின் சொல்லி எனக்குப் பேர் வர வேண்டாம். ஒரு மனிசன் சொல்ல வேணும். நீங்கள் சொல்லுங்கோ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேதியைச் சொன்னால் கிழமை என் மனதில் தானாக வந்து நிற்கும். வாத்தியார் காலத்துப் பழக்கம். வழக்கம்போல, "நேரம் தெரியுமோ?" என்றும் கேட்டேன்.

"சேவல் கூவ முந்தி. மூண்டு மணியிருக்கும் எண்டு அம்மா சொன்னவ."

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். கண்ணாடியை மாட்டினார். வாசிக்க அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் மாட்டினார். நர்ஸைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். நர்ஸ் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். முதலில் மெல்ல, பிறகு நோயாளியைக் கூப்பிடுவது போல உரத்து. வாசல் பக்கமிருந்த யாரோ ஒரு பாகிஸ்தானிக் கிழவி, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிட்டார்.

இல்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு மண்டபம் எடுத்துப் பெயர் சூட்டு விழா வைத்தார். அப்படியொரு சந்தோஷத்தை நான் எங்கள் பிள்ளைகளின் கலியாணத்திலும் கண்டதில்லை. தாய் வைத்த முதல் பெயரை எறிய மனமில்லாமல் நடுவில் வைத்துக்கொண்டு, முதலாளியின் பெயரை மட்டும் சட்டப்படி விட்டுவிட்டார். நர்ஸின் மாமனார், ஒரு தோளைத் திறந்துவிட்டுப் பெரிய வண்ணத்துணி போர்த்தியவர், அவர்கள் வழக்கப்படி விரலைத் தண்ணீரில் தோய்த்து இவரின் நாக்கில் வைத்தார். பிறகு ஜின்னில் தோய்த்து வைத்தார். "தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல். மது என்றால் மது என்று சொல். ஒன்றை மற்றதென்று சொல்லாதே" என்றார். எட்டு நாள் குழந்தைக்குச் செய்வதாம். அறுபதை நெருங்கிய குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. சைவக்காரரான எங்களுக்கென்று மரக்கறிச் சோறும் வாழைப்பழப் பொரியலும் தனியாக ஒரு மேசையில் வைத்து, பக்கத்தில் காவலுக்கு ஒரு ஆளையும் விட்டிருந்தார். லண்டனில் பிள்ளைகளின் கலியாணங்களில்கூட ஆடாத என் மனைவி அன்று சேலையைச் செருகிக்கொண்டு ஆடினா.

அடுத்த மாதம் கார்த்திகேயனுக்கு மகள் பிறந்தாள். இரவு இரண்டு மணிக்குப் பிறந்ததாகச் சொன்னார். "அப்ப செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"இல்ல சார், புதன். ஆஸ்பத்திரில புதன்னுதான் சொன்னாங்க."

"எங்கட கணக்குக்குச் சூரியன் உதிச்சால்தான் தம்பி அடுத்த நாள். விடியும்வரை முதல்நாள்தான்."

"அது நம்ம ஊர் வழக்கம் சார். இவங்களுக்குப் பன்னெண்டு மணிக்கே நாள் மாறிடுமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வருடப் பழக்கத்தில், விடியாத நேரம் என்று கேட்டதும் ஒரு நாளைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். ஜமெய்க்காவில் பிறந்து, கானாப் பெயர் தேடிய ஒருவருக்கு யாழ்ப்பாணத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நாட்காட்டிப்படி அவர் பிறந்தது சனிக்கிழமை.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்காகத்தான் மறைத்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மாஸ்டருக்கும் கணக்குப் பிழைக்கும் என்று சனம் அறிவதை நான் விரும்பவில்லை. இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை.

அந்த இரண்டு வருடமும் அவர் அந்தப் பெயரோடு பண்டிகை கொண்டாடினார். பிளாஸ்டர் போய்ப் புதுத் தகடு வந்தது. "எப்படிச் சொல்வது?" என்று யாராவது கேட்டால் போதும், எழுந்து நின்று சொல்லிக் கொடுப்பார். சரியாகச் சொன்னால் மற்ற நோயாளிகளைக் கைதட்டச் சொல்வார். காய்ச்சல்காரர், மூட்டு வலிக்காரர் எல்லாரும் கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன்.

பிறகு ஒருநாள், நர்ஸோடு கானாவுக்குப் போகிறேன் என்றார். "அங்க முதல் என்ன கேப்பினம் தெரியுமோ மாஸ்டர்? நீ என்ன கிழமை பிறந்தனீ எண்டு. நான் யோசிக்காமல் சொல்லுவன்."

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

"இஞ்சருங்கோ, சோறு ஆறுது" என்றா மனைவி. "ரெண்டு வருசமா அந்த மனிசியின்ர பேரை எடுத்தாலே உங்கட முகம் கோணுது. என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். அவ தலையில் கை வைக்கவில்லை. சோற்றை மூடி வைத்தா.

"ஊருக்கெல்லாம் பேர் வைக்கிற மாஸ்டருக்கு, 'பிழைச்சுப்போச்சு' எண்டு சொல்ல மட்டும் வாய் வரேல்லையோ? நாளைக்குப் போங்கோ. வடை சுட்டுத் தாறன். வெறுங்கையோட போய் இதைச் சொல்ல ஏலாது."

சர்ஜரி பூட்டும் நேரத்தில், வடைப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன். அவர் இருந்தபடியே கேட்டார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பேர் வைச்சு ஒரு மாசத்திலை."

"அப்ப ரெண்டு வருசம்."

"ஓம்."

"ரெண்டு வருசம் எனக்குக் கைதட்டினீங்கள்."

அவர் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். "வடைக்கு நன்றி, மிஸ்டர் நேதன்" என்றார்.

பயணத்துக்கு முதல் இன்னொரு தரம் எனக்கு அங்கே முறை இருந்தது. அவர் எழவில்லை. கண்ணாடியையும் தொடவில்லை. "மிஸ்டர் நேதன்" என்றார். காத்திருந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெயரோடு முப்பது வருடத்துக்கு மேல் ஒரு அலுவலகத்தில் இருந்திருக்கிறேன். அது வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை, அவர் எழுந்து நின்றார். கண்ணாடியை மாட்டினார். "மிஸ்டர் சிவலோகநாதன், கதிரவேலுவின்ர மகன்" என்று கூப்பிட்டார். செத்துப்போன என் ஐயாவையும் சேர்த்து. நான் மேசைக்குப் போனேன்.

"அங்க கேட்டன் மாஸ்டர்" என்றார். "விடியாமல் பிறந்த பிள்ளைக்கு எந்தக் கிழமை எண்டு. சந்தையிலை துணி விக்கிற மனிசி வெள்ளி எண்டா. பக்கத்துக் கடைக்காரன் சனி எண்டான். நர்ஸின்ர பெரியம்மா ரெண்டு பேரும் மடையர் எண்டு சொல்லி, பிள்ளையைப் பெத்தவ அண்டைக்கு என்ன நாளெண்டு நினைச்சாவோ அதுதான் எண்டா. சனம் கூடிப்போச்சு. ஒருத்தர் மற்றவரை விடேல்லை. துணியைக்கூட விக்காமல் நிண்டு கத்தினவை."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நான் ஒரு மர வாங்கிலை குந்தியிருந்து வேர்க்கடலை சாப்பிட்டன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ர பேருக்கு, மாஸ்டர். என்ர பேருக்குத்தான் அவ்வளவு பேரும்."

பிறகு நிமிர்ந்து, இரண்டையும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒன்றைப் பறித்தார்கள், இரண்டு திரும்பி வந்திருக்கிறது, வட்டியென்று வைத்துக்கொள்வோம் என்றார். வெள்ளிக்கிழமை அவரைக் காண்பவர்கள் வெள்ளிப் பெயரைச் சொல்ல வேண்டும், சனிக்கிழமை சனிப் பெயரை. மற்ற நாட்களில் இரண்டையும். இப்போது அவர் பர்மிங்காமில் மகளோடு இருக்கிறார். நான் போன் எடுக்கும்போது இன்றைக்கும் அதுதான் சட்டம்.

இரண்டாவது பெயருக்கு இரண்டாவது விருந்து நடந்தது. அதே மண்டபம். நாக்கில் வைக்கும் நேரம் வந்தபோது, அவர் நர்ஸின் மாமனாரின் கையிலிருந்து இரண்டு கோப்பைகளையும் வாங்கிக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றார். நான் ஒரு நாளும் மது தொட்டவன் அல்ல. மனைவியைப் பார்த்தேன். அவ வேறு பக்கம் பார்த்தா.

"நாக்கை நீட்டுங்கோ." விரலைத் தோய்த்து வைத்தார். "என்ன இது?"

"தண்ணி."

மறுபடி தோய்த்து வைத்தார். நாக்கு எரிந்தது. "இது?"

"ஜின்."

"பிழையில்லை. இனி நீங்களும் எட்டு நாள் பிள்ளை" என்றார். மண்டபம் கைதட்டியது.

சாப்பாட்டு மேசையில்தான் அது தொடங்கியது. சனிதான் சரி, வெள்ளி என்பது ஒரு கணக்கு வாத்தியாரின் தவறு என்று நர்ஸ் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினா.

"அதென்ன கதை? விடியாமல் நாள் மாறுமோ? இருட்டுக்குள்ளை நிண்டுகொண்டு நாளைக்கு எண்டு சொல்லுறதோ? இவ வெள்ளிதான்."

மனைவியின் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அன்று யாருக்கும் விளங்காமல் போகவில்லை. நர்ஸ் விடவில்லை. மாமனார், அது ஊருக்கு ஊர் வித்தியாசம் என்று நடுவில் வந்து இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினார். கார்த்திகேயன் தட்டோடு எழுந்து வந்து, "மேடம், சனிதான், லாஜிக்கா பாத்தா..." என்று தொடங்கி, என் மனைவி பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார். ஜமெய்க்காக்காரர் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மேசையில் அடித்தார்கள். ஒருவர் தாயின் மேல் சத்தியம் செய்தார்.

நான் பெயருக்குரியவரைத் தேடினேன். மண்டபத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தார். தூங்குகிறாரோ என்று நினைத்தேன். யாரோ அவரைக் கவனித்து, சரி சரி, போதும் என்று மற்றவர்களை அடக்கினார்கள். சத்தம் மெல்லக் குறைந்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டாதேங்கோ" என்றார்.